புஷ்பம் அக்கா ஊசியால் எடுத்த கொழுந்து

தொலைபேசி வந்தபோது ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். புஷ்பம் அக்காவின் மகன் பேசினான். "மாஸ்டர், அம்மா போயிட்டாங்க." சொல்லாமல் கொள்ளாமல் வெலிமடையிலுள்ள தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவது அவர் வழக்கம். அதனால், "எப்ப வருவாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவன் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

பதுளையில் எங்கள் தையற்கடைக்கு வந்து போனவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெட்டுவதும் தைப்பதும் நான், பூவேலை முழுவதும் அவர். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவர் வேலைக்காக வந்தார்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிய பிறகும் வந்தார்கள்.

எந்தப் பூவேலையைக் கண்டாலும் முதலில் துணியைத் திருப்பி உட்புறத்தைப் பார்ப்பார். "முகத்த யாரும் அழகா வச்சுக்குவாங்க மாஸ்டர். முதுகுலதான் வேல தெரியும்" என்பார். ஒருமுறை வெலிமடை பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்ணின் முந்தானையைத் திருப்பிப் பார்க்க, அந்த அம்மா "திருடி!" என்று சத்தம் போட, கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தியே விட்டார். அக்கா அசரவில்லை. "பூ நல்லாத்தாங்க இருக்கு. முடிச்சுத்தான் அவுந்து கெடக்கு" என்று பையிலிருந்து ஊசியை எடுத்தார். அந்த அம்மா பிறகு எங்கள் நிரந்தர வாடிக்கையாளர் ஆனார்.

ரேணுகாவின் கல்யாண ரவிக்கை விவகாரம்தான் அக்காவை நன்றாகக் காட்டும். ரேணுகா ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண், பதுளையில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு எடுத்தது கைத்தறிப் பட்டு. ரவிக்கைத் துணியும் அந்தச் சேலையோடு சேர்த்தே நெய்தது. மாப்பிள்ளையின் பெயரை முதுகில் தைத்துக்கொள்வது இப்போதைய மோஸ்தர். அக்கா பொன்னிற நூலில் 'மதன்' என்று தைத்து முடித்தார். அதற்குள், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னானென்று ரேணுகா மதனையே விட்டுவிட்டாள். சில மாதத்தில் வேறு நல்ல இடம் அமைந்தது.

அவள் அம்மா செல்லம்மா ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தப் பேரப் பிரிச்சு எடுத்துருங்க."

"பிரிச்சா ஊசி போன ஓட்டையெல்லாம் தெரியும்ங்க. இதுக்கு வேற துணியும் கெடைக்காது" என்ற அக்கா, "புது மாப்புள்ள பேர மாத்திக்க மாட்டாரா?" என்றும் கேட்டார். செல்லம்மா சிரிக்கவில்லை.

அக்கா பெயரைப் பிரிக்காமல் அதன் மேலேயே தைத்தார். 'ம' ஒரு கிளையானது. 'த'வின் மேல் ஓர் இலை படர்ந்தது. கடைசிப் புள்ளி மொட்டானது. முடிவில் ரவிக்கை முதுகு முழுக்கத் தேயிலைக் கொழுந்து.

தாயும் மகளுமாக வாங்க வந்தார்கள். பார்த்ததும் செல்லம்மாவின் முகம் சிவந்தது. "காலம் பூரா நான் முதுகுல கொழுந்துக் கூடை சுமந்தது போதாதா? எம் புள்ள முதுகுலயும் கொழுந்தா? ஒரு மயிலு தைக்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். துணி போனது, நம் பெயரும் போனது என்று நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "நானும் கூடை சுமந்தவதாங்க. மயிலு நமக்கு என்னங்க செஞ்சுச்சு? ஒங்க மகளப் படிக்க வச்சது மயிலா?"

ரேணுகா ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். "எனக்கு இதுதாம்மா வேணும்" என்றாள்.

செல்லம்மா கிட்டே போய் ஒவ்வோர் இலையாகத் தடவினார். "இந்த எல முத்திருச்சு. இத எடுத்தா கங்காணி ஏசுவாரு. கொஞ்சம் எளசாக்குங்க."

"அதுக்கு அடியிலதாங்க 'த' இருக்கு. எல எளசானா பழைய மாப்புள்ள எட்டிப் பார்ப்பாரு."

செல்லம்மா அப்போதுதான் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். முற்றிய இலை அப்படியே இருந்தது.

கல்யாணத்துக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். அவர் மணமக்களின் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. தாலி கட்டும்போதுகூட மணவறைக்குப் பின்னால்தான் நின்றார். அதன்பின் கொழுந்து வேண்டுமென்று மணப்பெண்கள் வரத் தொடங்கினார்கள். அக்கா அலுத்துக்கொள்வார்: "வெடியக்காலைல தோட்டத்துல பெரட்டுக்குப் போயி, பேர் குடுத்து, வேலைக்கு வரிசைல நிக்க முடியாமத்தான் டவுனுக்கு வந்தேன். இங்க வந்தும் கொழுந்துதான் எடுக்கிறேன்." ஆனால் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

அவர் போனபோது சட்டத்தில் ஒரு ரவிக்கையின் இடது கைக் கொழுந்து அரைகுறையாக இருந்தது. மணப்பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டதால் மீதியை நானே தைத்தேன். அந்தப் பெண் உற்றுப் பார்த்து, "மாஸ்டர், இது வெண்டிக்காய் மாதிரி இருக்கே?" என்றாள். "முந்தானை மூடிரும்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

அக்காவின் சட்டத்தை மகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் கடை திறந்ததும் அதில் ஒரு துண்டுத் துணியைக் கட்டி, ஒரே ஓர் இலை தைத்துப் பார்க்கிறேன். இன்னும் வெண்டிக்காய்தான் வருகிறது. பிரித்துவிட்டு, மறுபடியும் நூல் கோர்க்கிறேன்.