புல் வலையும் மீன் வலையும்

காலை ஏழு மணிக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். முகத்தில் சாரல் பட்டது. தோளில் என் பெட்டிக் காமிரா. அதில் எட்டுப் படம் எடுக்கலாம். எட்டும் வலைகளாகவே இருக்க வேண்டும் என்பது என் மகள் ராஜியின் உத்தரவு. போன மாதம் காய்ச்சலோடு கொசுவலைக்குள் படுத்திருந்தவள், "அப்பா, நானும் மீன் மாதிரி மாட்டிக்கிட்டேனா?" என்று அழுதாள். "வலைக்குள்ள மீன் மட்டுமா இருக்கு? வேற என்னென்ன இருக்குன்னு படம் பிடிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு விருதுநகரில் ரயிலேறினேன். குழந்தைகளே, அன்று பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

குற்றாலம் அங்கிருந்து மூன்று மைல். பஸ்ஸில் பதினைந்து நயா பைசாதான். ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரைவண்டி ஒன்றின் அடியில் தேங்காய் நார்க் கயிற்றால் பின்னிய பெரிய வலை தொங்கியது. அதில் குதிரைக்குப் பசும்புல். விடுவேனா? போய்வர இரண்டு ரூபாய் பேசி ஏறுமுன், குனிந்து ஒரு படம் எடுத்தேன்.

"என்ன அண்ணாச்சி, குதிரைய விட்டுட்டு புல்லப் போயி புடிக்கிய? அது கோவிச்சுக்கிட்டா உங்கள யாரு இழுப்பா?" என்றார் வண்டிக்கார மைதீன் பாய்.

எட்டு மணிக்குக் குற்றாலம். பழக்கடைகளின் முன்னால் குரங்குக்குப் பயந்து வலை கட்டியிருந்தார்கள். படம் எடுக்கப் போனால் கடைக்கார அம்மா, "நல்லா எடுங்க! கொரங்கு வெளிய திரியுது, நாங்க கூண்டுக்குள்ள கெடக்கோம்" என்று சிரித்தார். இப்படி அங்கங்கே ஏழு படம் முடிந்தது. அருவியில் குளிக்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. தலைக்கு மேலே ஒரு மலையே உடைந்து விழுகிற சத்தம். கை கால் நனைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பதினோரு மணிக்குத் திரும்பும் வழியில் சிற்றாற்றங்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். முழங்கால் தண்ணீரில் ஒருவர் வீச்சு வலை வீசிக்கொண்டிருந்தார். பெயர் சுடலை. கரையில் அவர் மனைவி இசக்கி ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். வலையின் கயிற்று நுனியைச் சுருக்குப் போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் வீசுவார்கள். இல்லையென்றால் வலை ஆற்றோடு போய்விடும். வலை குடைபோல் விரியும்போது எட்டாவது படம் என்று காமிராவின் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தபடி நின்றேன்.

மைதீன் பாய் மலைப்பக்கம் காதைத் திருப்பினார். "அருவிச் சத்தம் மாறுது. ஏலே சுடலை, மேல மழை புடிச்சிருக்கு. கரையேறு!"

"இந்தா வாரேன் பாய், ஒரே ஒரு வீச்சு!"

வலை விழுந்தது, மேலே வரவில்லை. அடியில் பாறையில் சிக்கிவிட்டது. அவர் இழுக்க இழுக்கச் சுருக்கு மணிக்கட்டை இறுக்கியது. தெளிந்த தண்ணீர் டீ நிறமானது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. கண்ணாடிக்குள் கட்டைவிரல் அளவு மனிதராகத் தெரிந்தவர், நான் தலை நிமிர்ந்தபோது இடுப்பளவு வெள்ளத்தில் சாய்ந்துகொண்டிருந்தார்.

மைதீன் பாய் வண்டிக்கடியில் புகுந்து, புல்லைக் கொட்டிவிட்டு, நார் வலையை அவிழ்த்து, கயிறுபோல் முறுக்கிக்கொண்டு வந்தார். ஒரு முனையை இசக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். மறுமுனையை நாங்கள் இருவரும் பிடித்தோம். அரிவாளோடு இறங்கினாள்.

"வலைய அறுக்காதட்டி! ஆறு மாசம் பின்னுன வலைலா!"

"பின்னுனவ நாந்தான்! கைய அசைக்காம நில்லும்!"

அரிவாள் ஏறியது, இறங்கியது. கயிறு அறுந்ததும் இருவரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். என் உள்ளங்கையில் நார் அறுத்தது. இழுத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் இசக்கியின் தலை வந்தது; பிறகு அவள் பிடியில் சுடலையின் தலைமுடி.

கரையில் உட்கார்ந்து இருமிய சுடலை, "வலை போச்சேட்டி" என்றார்.

"கை இருக்குல்லா? இனி நீரு பின்னும்" என்றவள், சேலை முந்தியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாங்கள் நின்றிருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடியது.

புறப்படும்போது சுடலையே கையை நீட்டி, "இத எடுங்க சார்" என்றார். மணிக்கட்டில் சுருக்கு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் கயிறு. அதுதான் எட்டாவது படம். சாயங்கால ரயிலில் பாலங்கள் வரும்போதெல்லாம் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

படங்கள் கழுவி வந்த அன்று ராஜி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புல், பழம் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். கடைசிப் படத்தில், "வலை எங்கப்பா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கொசுவலைக்குள் போய்ப் படுத்தாள். சற்று நேரத்தில் வலையின் ஓரம் தூக்கிக்கொண்டது. ஒரு சின்னக் கை வெளியே வந்து, விரலை அசைத்துவிட்டு உள்ளே போனது.

எங்கள் ஊரில் ஆறு வற்றித்தான் கிடக்கிறது. இருந்தும் அன்று முதல் அந்த ஓரத்தைப் பாய்க்கடியில் இறுக்கிச் செருக எனக்கு மனம் வருவதில்லை.