கிருமியம்மாவின் பிள்ளைகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கிருமியம்மா என்று பேர். இருபது வருஷமாக அவளுடைய வேலையே கிருமி வளர்ப்பதுதான். முப்பத்தேழு டிகிரி சூட்டுப் பெட்டிக்குள் வேளாவேளைக்குத் தீனி வைத்து, வாடாமல் வதங்காமல் பார்த்துக்கொள்வாள். வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் வழியும்; இங்கே கிருமி வளரும் சோதனைக்குழாய் ஒன்றுகூடக் கெட்டதில்லை. இவள் வளர்ப்பாள், ஆராய்ச்சி மாணவர்கள் கொல்வார்கள். என்ன பிழைப்போ போங்கள்!

அந்த மாணவர்களில் ஒருவன்தான் அவள் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். பட்டம் கையில் வந்தால்தான் கல்யாணம் என்று அவன் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். பட்டமோ ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை நம்பி இருந்தது. துத்தநாக ஆக்சைடு, கண்ணுக்கே தெரியாத நுண்துகள்கள். கிருமி பரப்பிய தட்டின் நடுவில் அதை வைத்தால், சுற்றிலும் கிருமி செத்து வட்டமாகத் தெளிய வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டராவது வேண்டும் என்றார் பேராசிரியர். இவனுக்கோ எட்டைத் தாண்டவில்லை.

"அத்தை, போன மாசத்துக் குழாய் ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல கிடக்கே, அதுல இருந்து குடுங்களேன்," என்று ஒரு நாள் குழைந்தான். பழைய கிருமி அரைப்பிணம், ஊதினாலே விழும்.

வரப்போகிற மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் அவளிடம் வேலை நேரத்தில் கிடையாது. "அடப்பாவி! சீக்காளியை அடிச்சுப் போட்டுட்டு, நான் பயில்வான்னு சொல்லிக்குவியா?"

"கல்யாணம் தள்ளிப் போயிடுமே, அத்தை."

"போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போனதும் காலண்டரில் முகூர்த்த நாட்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்த மகள், உனக்குக் கிருமிதான் பெரிசு என்று சண்டைக்கு வந்தாள்.

அவனும் ரோஷக்காரன். அதிகச் சூட்டில் துகள்கள் ஒட்டித் தடித்துப்போகின்றன என்று அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. பொடி சுடும் உலையை எழுநூறு டிகிரியிலிருந்து நானூறுக்கு இறக்கினான். மூன்று மாதம் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் அவள் முன்னால் வந்து நின்றான்.

"அத்தை, இருக்கறதுலயே முரட்டுக் கும்பலாப் பார்த்துக் குடுங்க."

அவளும் வஞ்சனை இல்லாமல், அன்று காலை வரை தின்று கொழுத்த கூட்டத்தையே கொடுத்தாள். மறுநாள் பெட்டியைத் திறந்து, அளவுகோலையும் அவளே வைத்தாள். பதினாறு! நம்பாமல் இன்னொரு தடவை வைத்தாள். பதினாறேதான். மகளின் கல்யாணம் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும் வளர்த்த மனசாயிற்றே, சும்மா இருக்குமா?

"படுபாவி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "ஒண்ணைக்கூட விட்டு வைக்கலையே!"