பயம் வந்தால் சிரிக்கும் கெர்ட்ரூட்

கிள்ளானில் கெர்ட்ரூட் வேலை பார்த்த பாலர் பள்ளியை மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் அவள் மறுபடியும் வேலை தேட வேண்டியதாயிற்று. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சரளம், கணினி தெரியும், ஆளும் சுறுசுறுப்பு. ஒரே ஒரு சிக்கல்தான். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், நாக்குக் குழறும். கெர்ட்ரூட்டுக்குச் சிரிப்பு வரும். புன்னகையெல்லாம் இல்லை, தோள் குலுங்கி, கண்ணில் நீர் முட்டும் சிரிப்பு.

ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில், இன்னும் ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்கள். அதே நாற்காலியில், அதே சேலையில், அதே கேள்விக்குப் பதில் தேடியபடி ஐம்பத்தொரு வயதில் தான் உட்கார்ந்திருப்பது அவள் கண்முன் வந்தது. அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டது. கேட்டவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வேலை கிடைக்கவில்லை.

அடுத்த அழைப்பு, பங்சாரில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசைக்கு.

"இந்தத் தடவை நான் ட்ரெயினிங் கொடுக்கிறேன்" என்றான் கணவன் ரேமண்ட். துறைமுகத்தில் லோரிகளை விரட்டி அனுப்பும் வேலை அவனுக்கு. அதட்டல் தானாக வரும். கைப்பேசியில் கஷ்டமான கேள்விகளாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, மேலே கல்யாணக் கோட்டும் கீழே கைலியுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"மிஸஸ் கெர்ட்ரூட், உங்களை நாங்க ஏன் எடுக்கணும்?"

"நீங்க எடுத்து இருபது வருஷம் ஆச்சுங்களே."

"சீரியஸ் லா, கெர்ட்டி!"

அதட்டிய வேகத்தில் கோட்டுப் பொத்தான் தெறித்து ரசத்தில் விழுந்தது. அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு லெட்சுமி வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள்.

"உங்க வீக்னஸ் என்னன்னு கட்டாயம் கேப்பாங்க. 'எல்லாம் பெர்ஃபெக்டா இருக்கணும், அதான் என் பிரச்சினை'ன்னு சொல்லிருங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க."

கெர்ட்ரூட் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே கண் அடுக்களைக்குப் போனது. மூடியில்லாத டப்பாக்கள் ஒரு பக்கம், டப்பா இல்லாத மூடிகள் இன்னொரு பக்கம். லெட்சுமியும் திரும்பிப் பார்த்துவிட்டாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நேர்முகத் தேர்வு நாளன்று கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் உதட்டுக்குள்ளேயே பதில்களை முணுமுணுத்துக்கொண்டு போனாள். எதிரில் இருந்த பெரியவர் குனிந்து கேட்டார்.

"என்னம்மா, ஜெபமா?"

"இல்ல அங்கிள், இன்டர்வியூ. பல் கிளினிக்குல."

"அப்ப சத்தமா சொல்லு. கோவமா ஒரு பேஷண்ட் வந்தா என்ன செய்வே?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தானே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினார். "எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்! எங்க உங்க டாக்டர்?"

"சாயா டுலு!" நான்தான் முதலில் வந்தேன் என்று பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா வரிசைக்குச் சண்டை பிடித்தார். ஒரு சீன இளைஞன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, எனக்குப் பல்லை மாற்றிப் பிடுங்கிவிட்டார்கள், என் பல்லைத் திருப்பிக் கொடுங்கள் என்றான். கெர்ட்ரூட் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு வலி அதிகமோ அவர் முதலில் கை தூக்கலாம் என்று மூன்று மொழியிலும் அறிவித்தாள். பெட்டியில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். கே.எல். சென்ட்ரலில் அவள் இறங்கும்போது கைதட்டல் கேட்டது.

கிளினிக்கில் டாக்டர் அபிராமியும் மேலாளர் குகனும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்விகள் சுலபமாகப் போயின. பிறகு குகன் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க வீக்னஸ் என்ன?"

லெட்சுமி சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. அடுக்களை நினைவுக்கு வந்தது. தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது.

"இதான் சார்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பயந்தா சிரிப்பு வந்துரும். இப்ப ரொம்பப் பயமா இருக்கு."

குகன் சிரிக்கவில்லை. "இங்க வலியில அழுதுகிட்டு வருவாங்க. அவங்க முன்னாடி நீங்க சிரிச்சா?"

உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. ரேமண்ட் கைப்பேசியில் இது இல்லை. கெர்ட்ரூட் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாலர் பள்ளியில முதல் நாள் எல்லாப் பிள்ளைங்களும் அழும் சார். எனக்கும் பயம், சிரிச்சிருவேன். உடனே சொல்லிருவேன்: ஆன்டிக்கும் பயமா இருக்கு, அதான் சிரிக்கிறேன், என் கையைப் பிடிச்சுக்கோன்னு. பெரிய மனுஷியைப் பாத்துக்கணும்னு நெனச்சு அதுங்க அழுகையை நிறுத்திரும். இங்கேயும் அப்படித்தான் சொல்வேன். சில பேர் கோவப்படலாம். அவங்ககிட்ட மன்னிப்பு கேப்பேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் இன்னொரு டாக்டரிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த யாரோ, "ஐயோ, இன்னும் தொடவே இல்லையா?" என்று அலறினார்கள். டாக்டர் அபிராமி கோப்பால் முகத்தை மறைத்தார். கோப்பு ஆடியது. அதைப் பார்த்த குகனுக்கும் தாங்கவில்லை. மூவரும் சிரித்து ஓய்ந்தபின் டாக்டர் கேட்டார்:

"திங்கட்கிழமை வர முடியுமா, அக்கா?"

தரையில் கால் பாவாமல் நடந்து சென்ட்ரலுக்கு வந்து, எந்தப் பக்கம் போகிறது என்றுகூடப் பார்க்காமல் முதலில் வந்த ரயிலில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ரேமண்ட் அழைத்தான்.

"என்னாச்சு கெர்ட்டி? எங்க இருக்கே?"

அவள் ஜன்னல் வழியே பலகையைப் படித்தாள். "செந்தூல்."

"செந்தூலா? கிள்ளானுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்க என்ன வேலை?"

"தெரியலைங்க" என்று அவள் சிரித்த சிரிப்பிலேயே, வேலை கிடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. துறைமுகத்து லோரிக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டான்.