துரை பார்க்கப்போகும் சக்கை

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே ஓடிய கால்வாய்த் தண்ணீர் சில நாட்களில் நீலமாக வரும். நான் அதை அழகு என்று நினைத்திருந்தேன். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் விழாமலிருக்கச் செம்பு மருந்து தெளிப்பார்கள். தெளித்த பின் பீப்பாய்களை மேட்டில் வைத்துக் கழுவுவார்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் லயத்துப் பெண்கள் அந்தக் கால்வாயில்தான் துணியும் பாத்திரமும் கழுவினார்கள். கை அரித்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பேசியவர் சித்தப்பா. எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் வரை போய் ரசாயனம் படித்த முதல் ஆள் அவர். விடுமுறைக்கு வந்தவர், அம்மா குப்பையில் கொட்டவிருந்த தேயிலைச் சக்கையை வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த நாற்றமடிக்கும் மருந்தில் ஊறவைத்து, இரண்டு முறை கழுவிக் காயவைத்தார். கேமரன் மலையில் வெயிலுக்குக் காத்திருப்பதே ஒரு பெரிய ஆராய்ச்சி. காய்ந்ததை அடியில் ஓட்டை போட்ட பால் டின்னில் நிரப்பி நீலத் தண்ணீரை ஊற்றினார். கீழே நிறமில்லாத தண்ணீர் சொட்டியது. செம்பைச் சக்கை பிடித்துக்கொண்டது என்றார். எனக்கு அது கோயில் திருவிழாவில் பார்த்த வித்தைக்குச் சற்றும் குறையவில்லை.

தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லி, மேலாளர் துரை நேரில் வந்து பார்க்க ஏற்பாடாயிற்று. துரைக்குப் பிடித்துவிட்டால் கால்வாயின் தலைப்பில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, அதில் சக்கையை நிரப்பி, தண்ணீரை அதன் வழியாக விடலாம். லயத்துக்கு நல்ல தண்ணீர் வரும். இந்த முறை பெரிய வாளியில் செய்துகாட்ட வேண்டும். எங்கள் வீட்டுச் சக்கை மட்டும் போதாது. சித்தப்பா குழாயடிக்குப் போனார்.

"அக்கா, எல்லாரும் தேத்தண்ணி சக்கைய கொட்டிடாம எடுத்து வைங்க லா. தொரை முன்னாடி வச்சுக் காட்டப் போறேன்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை இருந்தாலும் வீட்டுக்குள் அது சிக்கனமான பொருள். எங்கள் வீட்டில் ஒரே தூளை மூன்று முறை கொதிக்கவைப்போம். முதல் கொதி அப்பாவுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் தேயிலை இருக்கிறது என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். ஆனால் சித்தப்பா கேட்ட அன்றிலிருந்து அம்மா புதுத் தூளைப் போட்டு, ஒரே கொதியில் சக்கையை எடுத்து வைத்தாள். எங்களுக்கெல்லாம் கெட்டியான தேநீர் கிடைத்தது. கொழுந்தன் வந்த சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் சந்தோஷமாக இரண்டு குவளை குடித்தேன்.

துரை வந்தார். சித்தப்பா அதே மருந்தில் ஊறவைத்து, அதே போல இரண்டு முறை கழுவிய சக்கைதான். நீலத் தண்ணீரை ஊற்றினார். கீழே கண்ணாடிக் குவளையில் பழுப்பு நிறத்தில் இறங்கியது. மறுபடி ஊற்றினார், இன்னும் பழுப்பாக வந்தது. துரை குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இனி தே லா!" என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார். இது தேத்தண்ணிதானே என்று பொருள். கிராணியும் சிரித்தார். துரை சித்தப்பாவின் தோளில் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். தொட்டிப் பேச்சு அதோடு முடிந்தது. நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை கால்வாய் நீலமாகத்தான் ஓடியது.

அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"நான் புதுப் பொட்டலம்தான் பிரிச்சேன்."

"நானுந்தான். தொரை பாக்குற சக்க, வெளுத்துப்போயா இருக்கும்? நம்மள என்ன நெனப்பாரு?"

 வாளி நிரம்பி வழிந்த பிறகும் அம்மா குழாயை மூடவில்லை.

மறுநாள் சித்தப்பா ரிங்லெட்டுக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் யோசித்த முகம். கழுவலிலா, மருந்திலா, எதில் பிசகு என்று அவருக்குப் பிடிபடவில்லை. நமக்கு இந்தப் படிப்பு சரிப்படாது போல என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிளம்பும்போது அம்மாவிடம் கேட்டார்.

"அண்ணி, கொஞ்சம் சக்க கட்டிக் குடுங்க. அங்க போயி இன்னொரு தடவ பாத்துட்டு, அப்புறம் விட்டுடுறேன்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டாள்.

"எது வேணும் தம்பி? தொரைக்குக் குடுத்த மாதிரி புதுசா, நம்ம குடிக்கிற பழசா?"

சித்தப்பா அம்மாவின் முதுகையே பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கீழே குனிந்து, காலில் ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "பழசே குடுங்க அண்ணி" என்றார், நிமிராமலே.

துரை சிரித்ததைத்தான் அவரால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.