உயிரோடிருப்பவனுக்கு ஒட்டிய இரங்கல் தாள்

நெவெனாவுக்கு வாழ்க்கையில் வாய்த்தது இரண்டே இரண்டு: ரொட்டிக்கடை அடுப்பும், வராத புருஷனும். தன்யூப் ஆற்றின் கரையிலுள்ள அந்த ஊரில் இதெல்லாம் பெரிய விஷயமே அல்ல. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதி வீடுகளில் ஆண்பிள்ளை இல்லை. ஓக்னியான் கட்டட வேலைக்கென்று ஸ்பெயினுக்குக் கிளம்பியபோது மகள் ராலித்சா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். "ரெண்டே வருஷம், ஓடி வந்துடுவேன்" என்றான். முதலில் வாரம் ஒரு முறை பேசினான். அப்புறம் பண்டிகைக்குப் பேசினான். அப்புறம் மகளிடம் மட்டும் பேசினான்.

நெவெனா விடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் வந்துவிடுவான் என்று சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். கூட வேலை பார்க்கும் கினா ஒரு நாள் வாய் தவறி, "அவன் எங்கேடி வரப் போறான், நீ உன் வழியைப் பாரு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், குளிர்காலம் முடியும்வரை இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே அடுப்பில் வேலை, முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வது. நெவெனா அப்படிப்பட்ட கோபக்காரி.

ராலித்சா கலைக் கல்லூரியில் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள். அங்கே கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் யார் துணையும் இல்லாமல் சொந்தமாக ஒரு படைப்பைச் செய்து, நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். ஒருத்தன் இடிந்த வீட்டுக் கதவுகளைக் கொண்டுவந்து அடுக்கினான். ஒருத்தி தன் தலைமுடியை வைத்துப் பாய் முடைந்தாள். எல்லாம் படைப்புதானாம்.

"ஊரை விட்டுப் போனவங்களைப் பத்தி நான் செய்யறேம்மா. அப்பா போட்டோ ஒண்ணு குடேன்" என்று மகள் கேட்டபோது நெவெனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணத்தன்று எடுத்த படத்தையே தூக்கிக் கொடுத்தாள். எப்படியாவது அது அவன் கண்ணில் பட்டு மனசு இளகாதா என்று ஒரு நப்பாசை. அந்தப் பெண் அதை என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்தில் யாராவது செத்தால், கறுப்புக் கட்டம் போட்ட தாளில் படமும் பெயரும் அச்சடித்து வீட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் மரத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. ஒட்டிய தாளை யாரும் கிழிப்பதில்லை. மழைதான் கிழிக்க வேண்டும். ராலித்சா செய்தது இதைத்தான். ஊரை விட்டுப் போன முப்பது பேருக்கு அசல் இரங்கல் தாள் மாதிரியே அடித்து வைத்தாள். கீழே இன்ன வருஷம் ஊரை விட்டுப் போனார் என்று மட்டும் சிறிய எழுத்தில் போட்டாள்.

கல்லூரிக் கூடத்தில் மாட்டியதோடு விட்டிருந்தால் பிழைத்தது. பேராசிரியர் தெர்ஸீவ் விடவில்லை. "இங்கே சுவர்ல மாட்டினா நாலு பேர் பார்த்துட்டு காபி குடிக்கப் போயிடுவாங்க, பொண்ணே. தெருவுலயும் ஒட்டு. அப்பதான் உறைக்கும்" என்றார். புண்ணியவான், அவருக்கென்ன? தலைநகரத்திலிருந்து வந்து பாடம் நடத்திவிட்டு ரயிலேறுகிறவர். ராலித்சாவும் பெரிய மனுஷர் சொல்லிவிட்டாரே என்று, நடுவர்கள் வரும் அன்று விடியற்காலையில் பசையும் கையுமாக ஊரெல்லாம் ஒட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

கறுப்புக் கட்டத்தைப் பார்த்தால் போதும், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறார்கள்? காலை வேலை முடியும் நேரத்தில் கினா தன் வீட்டுக்கு ஓடிப்போய், வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட் பொடியும் தூவிக் கிண்ணத்தில் கொண்டுவந்துவிட்டாள். இழவு வீட்டுக்குக் கொண்டுபோகிற கோதுமை.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்டி. எங்கிட்டகூடச் சொல்லலையே நீ? எப்ப ஆச்சு?"

"யாருக்கு என்னடி ஆச்சு?"

கினா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே கை காட்டினாள். பேருந்து நிறுத்தத்துக் கண்ணாடியில் ஓக்னியான் கல்யாணச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

நெவெனா வெளியே பாய்ந்து ஓடினாள். பெற்ற மகளா இப்படிச் செய்வாள்! கிழிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அந்தத் தாளில் கை வைக்க அந்த ஊரில் பிறந்தவளால் முடியுமா? அப்போது மேலங்கிப் பையில் செல்போன் அடித்தது. ஓக்னியான். எத்தனையோ காலம் கழித்து, அவளுக்கே.

"படத்தைப் பார்த்தேன். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் அனுப்பினான்" என்றான்.

"புள்ள விவரம் தெரியாம செஞ்சுட்டா, கோவிச்சுக்காத! நீ ஒரே ஒரு தடவை வந்து தெருவுல நின்னா போதும் ஓக்னியான், எல்லார் வாயும் அடைச்சுடும். இந்தக் கோவத்துலயாவது வாயேன்!" சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. ஐயோ பாவம், அந்த நிமிஷத்தில் மகள் மேல் இருந்த ஆத்திரம்கூடப் போய்விட்டது.



"அதைக் கிழிக்க வேணாம், நெவெனா. இருக்கட்டும்."

"என்னது இருக்கட்டும்?"

"இங்க எனக்கு ஒரு பையன் இருக்கான். நாலு வயசு. அவன் அம்மாவும் நானும்... நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாள் இருந்துட்டேன். ஊரு அப்படியே நினைச்சுக்கட்டும். உனக்கும் அதான் நல்லது."

சண்டாளன், அழக்கூட விடாமல் போனை வைத்துவிட்டான்.

நெவெனா மாவு ஒட்டிய உடையோடு கல்லூரிக்கு நடந்தாள். கூடத்தில் ராலித்சா நடுவர்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நன்றாகவே பேசினாள். அவளுக்குப் பின்னால் சுவரில் முப்பது முகங்கள். அம்மா கடைசி வரிசையில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

நடுவர்கள் காதில் விழட்டும் என்று தெர்ஸீவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ஒரு கேள்வி. இவங்க எல்லாரும் உண்மையிலேயே உயிரோட இருக்கறவங்கதானா?"

"ஆமா சார். முப்பது பேரும்."

"இருபத்தொன்பது" என்றாள் நெவெனா.

எல்லோரும் திரும்பினார்கள். "அம்மா, என்ன சொல்ற? அப்பா நல்லாத்தான் இருக்காரு. போன வாரம்கூட பேசினாரே!"

"காலையில போயிட்டாரு."

சாவுச் செய்தி கேட்டால் எழுந்து நிற்பது அவர்கள் வழக்கம். நடுவர்கள் எழுந்தார்கள், மாணவர்கள் எழுந்தார்கள், நாற்காலிகள் கிறீச்சிட்டன. தெர்ஸீவ் தலையைக் குனிந்துகொண்டார். ராலித்சா மட்டும் அம்மாவின் வறண்ட கண்களையே பார்த்தபடி நடுவிலிருந்த பாதையில் இறங்கி வந்தாள்.

"அம்மா, அப்பா போன் பண்ணாரா?"

"பண்ணாரு. கிழிக்க வேணாம்னு சொன்னாரு."