திரும்பி வராதவர்களின் சீட்டு

கண்ணுகளா, உங்க சித்தப்பா அறைக்கு மட்டும் ஏன் உள்தாழ்ப்பாள் இல்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது அவன் தூங்காமல், யாரோடும் பேசாமல் கிடந்தான். அவிநாசிபாளையம் ரோட்டில் ஒரு மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா. அறுந்த செருப்பு வாரைப் பனியன் வேஸ்ட் துணியால் கட்டியிருந்தார். டோக்கன் கொடுப்பதும் ஊசி போடுவதும் அவரேதான். நடுநடுவே மேசை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட நோயாளிகளின் சீட்டுக் கட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்து மூடுவார்.

டாக்டர் இரண்டே நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்பினார். "வேலை வேகமா நடக்குதுங்களே," என்றேன் நர்ஸம்மாவிடம்.

"உக்கார வெச்சுப் பேசறதுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. வராதவங்க ஊட்டுக்குப் போய்ப் பாக்க ஒருத்தர் இருந்தாருங்க. ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க. கூட்டம் சீக்கிரம் நகருதுன்னு முதலாளிக்குச் சந்தோசம்."

"எங்க பனியன் கம்பெனியிலயும் பீஸ் செக்கிங் ஆளைக் குறைச்சுத்தானுங்க புரொடக்‌சன் ஏறுச்சு," என்றேன் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உங்க பீஸ் மோசமா இருந்தா திரும்பி வந்துருமுங்க. இதெல்லாம் திரும்பி வராதவங்க சீட்டு. ஏன் வரலைன்னு, உசுரோட இருக்காங்களான்னு போய்ப் பாக்க இப்ப ஆளில்லீங்க."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். "அவரு ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்த முறை போனபோது அவரும் அங்கே இல்லை. அந்தக் கட்டை யார் வைத்திருக்கிறார்களோ, தெரியவில்லை.

முதல் முறை போன அன்று வீட்டுக்கு வந்ததும், உங்கள் அம்மா தம்பிக்குச் சோறு போட்டார். நான் மட்டும் அவன் அறைக்குப் போய், தாழ்ப்பாளின் நான்கு திருகாணியையும் சத்தமில்லாமல் கழற்றினேன்.