ஷோகேஸில் இருந்த பிரஷர் மிஷின்

இங்கே மருந்துக்கடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து, பட்டைக்குள் கையை நுழைத்துப் பொத்தானை அழுத்தினால் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று காட்டிவிடும். பால் வாங்க வருகிறவர்கள்கூடப் போகிற போக்கில் பார்த்துக்கொள்கிறார்கள். டொரொண்டோ வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் இரும்புலியூரில் டாக்டர் கையில் பட்டை கட்டினாலே வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடும்.

அண்ணாவுக்கு பிரஷர் என்று தெரிந்தபோது நாற்பது வயது. தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். ஒரு மாதம் மாத்திரை போட்டான், அப்புறம் விட்டுவிட்டான். பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டுத் திட்டினேன். "தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. நல்லா இருக்கறவனுக்கு எதுக்கும்மா மாத்திரை?" என்றான். நம்பரைக் கண்ணால் பார்த்தால் கணக்கு வாத்தியார் நம்புவான் என்று நினைத்து, ஊருக்குப் போன ஒருவரிடம் ஒரு பிரஷர் மிஷின் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். என் புத்தி போன போக்கைப் பாருங்கள், அதில் "விலை ஜாஸ்தி, பத்திரமாக வைத்துக்கொள்" என்று எழுதினேன். தினமும் பார், மாத்திரையை நிறுத்தாதே என்று எழுதத் தோன்றவில்லை.

சில வருடங்கள் கழித்துக் கால் வீங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன, இதயம் பெருத்திருக்கிறது, கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். ஒரு வலிகூட இல்லாமல் உள்ளே இத்தனையும் நடந்திருக்கிறது. வாரம் இரண்டு முறை மின்சார ரயிலில் டயாலிசிஸுக்குப் போய்வந்தான். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. லீவு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தது பதினோராம் நாள்.

கூடத்து ஷோகேஸில், நான் முன்பு கொடுத்த சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் மிஷின் இருந்தது. மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"வர்றவங்க எல்லாருக்கும் தங்கச்சி அனுப்பினதுன்னு காட்டுவார்," என்றாள் அண்ணி. "என்னைத் தொடவே விடல. ஏதாவது ஆயிட்டா அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னுவார்."

என்னால் அழக்கூட முடியவில்லை. வெளிநாட்டுச் சாமான் என்றால் பூட்டி வைத்து அழகு பார்க்கிற வீடு எங்களுடையது. அது தெரிந்தும் அப்படி எழுதியவள் நான்தானே?

நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் நம்பர் சரியாகத்தான் இருந்தது. கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, அடுத்து நின்ற வெள்ளைக்கார அம்மாள் தோளைத் தட்டி, இதற்கெல்லாம் நல்ல மாத்திரை இருக்கிறது, பயப்படாதே என்றாள். நன்றி என்று மட்டும் சொன்னேன்.

அண்ணி என்னிடமே திருப்பிக் கொடுத்த அந்த மிஷின் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிரிக்க எனக்கும் கை வரவில்லை. பிரஷர் பார்க்க நான் கடைக்குத்தான் போகிறேன்.